தரை தொட்டால் மணி அடிக்க வேண்டும்

நான் ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று ஆபீசிலிருந்து கேட்டார்கள். எதைப் பற்றி என்றேன். ரேம்ப், கிளைடு, அதுதானே உங்கள் கைவேலை என்றார்கள். சரிதான். இத்தனை வருடம் நான் செய்தது அதுதான். போன் விளையாட்டில், திரையில் குட்டிக் கார்கள் ஓடிவந்து ஒரு சாய்வு மேட்டில் ஏற வேண்டும், முதுகில் இறக்கை விரிய வேண்டும், கொஞ்ச தூரம் காற்றில் மிதந்துவிட்டு மறுபடி பாதையில் இறங்கி ஓட வேண்டும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவில் இருக்கும் நான்கைந்து நொடிகள்தான் என் உத்தியோகம். ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துக்கொள்வேன். காரைப் பறக்கவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் தலைகாட்ட முடியுமா?

எவ்வளவு சாய்வு, எவ்வளவு வேகம் என்றெல்லாம் இதில் எதிர்பார்க்காதீர்கள். அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் தெரியாது. நான் சொல்லப்போவது ஒரே ஒரு இறக்கத்தைப் பற்றி. அதில் நான் செய்த தப்பை வேறு ஊர்க்காரர் யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

என் வீடு கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில். என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவர். கேஜ் என்று நாங்கள் சொல்லும் இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றி, கயிற்றில் பூமிக்குள் இறக்குவதும் ஷிப்ட் முடிந்ததும் மேலே இழுப்பதும் அவர் வேலை. சுரங்கத்தை மூடியபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. வேறு இரண்டு மூன்று இடங்களில் போய்ப் பார்த்தார், ஒட்டவில்லை. நான் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். அங்கிருந்து பெங்களூரில் டேட்டா என்ட்ரி, அங்கிருந்து நம் ஆபீசில் டெஸ்டர். நாள் முழுக்க ஆட்டத்தை ஆடி எங்கே உடைகிறது என்று எழுதிக் கொடுக்கும் வேலை. விடியற்காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் திரும்புவேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் பிழைக்கிறோம்.

முதல் நாள் நான் கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார். "போய்ச் சேந்ததும் ஒரு ரிங் குடு. எடுக்க மாட்டேன். ஒரு ரிங் போதும்" என்றார். அன்று கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். அது அப்படியே வழக்கமாகிவிட்டது. ஆபீஸ் படியேறியதும் பையை வைக்கிற கையோடு அவர் நம்பரை அழுத்துவேன், ஒரு முறை அடித்ததும் கட் செய்வேன். ஆபீசில் கேலி செய்வார்கள். மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்துகிறீர்களே மேடம் என்பார்கள். எனக்கும் அது ஒரு அசட்டுப் பழக்கமாகத்தான் பட்டது. சந்தேகப்படும் புருஷன் இல்லை, சின்னக் குழந்தை இல்லை, எதற்கு இந்தத் தொல்லை என்று அலுத்துக்கொண்டதும் உண்டு.

டெஸ்டராக இருந்த என்னைப் பாதை அமைக்கும் வேலைக்கு இழுத்தவர் எங்கள் லீட், குழுவுக்குத் தலைவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்த தமிழர். அதிகம் பேச மாட்டார். ஒரு ரேம்பைச் செய்துவிட்டு அவரிடம் காட்டப் போனால் திரையைப் பார்க்க மாட்டார். போனை வேறு யார் கையிலாவது கொடுத்து, ஆடுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் செய்த முதல் ரேம்பை ஒரு வளைவு முடிந்த கையோடு வைத்திருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆடிய நாலு பேரில் மூன்று பேர் கோணலாக ஏறிக் கோணலாகப் பறந்து பாறையில் போய் மோதினார்கள். "மேடம், வண்டி நேரா நிக்கறதுக்கு முன்னாடியே நீங்க ரெக்கை குடுத்துட்டீங்க" என்றார். நான் ரேம்பை நாற்பது அடி தள்ளி வைத்தேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். ஏறுவதற்கு முன்னால் கொஞ்ச தூரம் நேராக ஓடவிடுங்கள்.

அந்த வருடம் எனக்கு முதன்முதலாக ஒரு முழுப் பாதையைத் தனியாகக் கொடுத்தார்கள். பாலைவனப் பாதை என்று பெயர். நான் ராஜஸ்தானையும் பார்த்ததில்லை, துபாயையும் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த மணல்மேடு எங்கள் ஊர் சயனைட் மேடுதான். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சாம்பல் நிற மண், வருடக்கணக்கில் குவிந்து, மழையில் அரித்து, தலை தட்டையாக நிற்கும். அதையே பாலைவனமாக வைத்தேன். மேட்டின் உச்சியில் ஒரு நீளமான ரேம்ப். அங்கிருந்து பறந்தால் கீழே ஊர் முழுக்கத் தெரியும், பிறகு மெல்ல இறங்கி ஒரு வலது வளைவுக்குள் நுழைய வேண்டும். இதை முடித்து என்றைக்காவது என் வீட்டுக்காரரிடம் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. சுரங்கம் மூடியதிலிருந்து மனிதர் எதைப் பற்றியும் கேட்பதில்லை. என் வேலையைப் பற்றியும் கேட்டதில்லை. நான் அதிகாலையில் கிளம்பி, இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி, சமைத்துவிட்டுத் தூங்கிவிடுவேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டே அவருக்காக நான் ஏங்கிய வருடங்கள் அவை.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

அந்தக் கிளைடின் இறக்கத்தை நான் பஞ்சு மாதிரி செய்திருந்தேன். சக்கரம் மண்ணைத் தொடுவது தெரியாது. குலுக்கல் இல்லை, சத்தம் இல்லை. இறக்கை எப்போது மடங்கியது என்றுகூடத் தெரியாது. எனக்கு அதில் அவ்வளவு பெருமை. ஏனென்றால் எங்கள் லைன் வீடுகளில் ஒரு வைண்டிங் டிரைவரைப் புகழ்வதென்றால் ஒரே ஒரு விதமாகத்தான் புகழ்வார்கள். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் என்னிடம் சொல்வார்கள்: "உங்க வூட்டுக்காரரு எறக்குனா கேஜு நின்னதே தெரியாதாமேக்கா. என் புருசன் நின்னுக்கினே தூங்கிட்டாராம்." இடித்து இறக்குபவனைப் பற்றிப் பேச்சே வேறு. மனைவிமார் அவன் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். பதினைந்து வருடம் அதைக் காதில் வாங்கிய எனக்கு, நல்ல இறக்கம் என்றால் தெரியாத இறக்கம்.

ஒரு புதன்கிழமை வெளியிலிருந்து எட்டுப் பேரை வரவழைத்து ஆடவிட்டார்கள். ஆறு பேர் கிளைடு முடிந்ததும் வலது வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தார்கள். பறக்கும்போது கட்டைவிரலை அழுத்தியே வைத்திருக்க வேண்டும், தரையில் அதை எடுத்து மாற்றி அழுத்தினால்தான் வண்டி திரும்பும். மறுபடி ஆடினார்கள், மறுபடி விழுந்தார்கள். ஒரு கல்லூரிப் பெண் போனை என்னிடம் நீட்டி, "சாரி ஆன்ட்டி, நான் இன்னும் பறந்துட்டு இருக்கேன்னு நெனச்சேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. திரையில் மண் தெரிகிறதே, கண் எங்கே போயிற்று என்று மனதுக்குள் திட்டினேன்.

லீட் அவர்கள் எல்லோரும் போகும்வரை காத்திருந்தார். "மேடம், இந்தக் கிளைடை எடுத்துடலாமா? மேட்டுக்கும் கீழ இருக்கற பாதைக்கும் ஒரு பாலம் போட்டுட்டா பிரச்சினை இல்ல."

"பாலம் போட்டா அப்புறம் அந்தப் பாதைல இன்னா இருக்குது?" என்றேன். கோபம் வந்தால் எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும். "தரை தொட்டதே தெரியாம இறங்குது. அதுதானே நல்ல இறக்கம்?"

"யாருக்கு நல்லது?" என்று கேட்டார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் இதே பசங்க திரும்ப வராங்க. அதுக்குள்ள சரியாகலைன்னா பாலம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை ரயிலில் நான் உட்காரக்கூட இல்லை. கதவோரம் நின்றபடியே கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். ஆபீசுக்குள் நுழைந்ததும் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இறக்கத்தைக் கொஞ்சம் முரட்டுத்தனமாக்கிப் பார்த்தேன். வண்டி துள்ளி, பிடி நழுவி, இன்னும் மோசமாக விழுந்தது. வளைவுக்கு முன்னால் பெரிய அம்புக்குறி வைத்தேன். பறந்து வருகிறவர்கள் எல்லோரும் ஊரை வேடிக்கை பார்க்கிறார்கள், அம்பை யார் பார்த்தது? வளைவைத் தள்ளி வைத்தேன். நேராக ஓடும் இடம் அதிகமாகி ஆட்டம் சப்பென்று போயிற்று. சாயங்காலம் ரயிலேறும்போது பாலம்தான் என்று எனக்கே தோன்றிவிட்டது.

எங்கள் லைனுக்குள் நுழையும்போதே பக்கத்து வீட்டு மேரி எதிரே ஓடிவந்தாள். "இன்னாக்கா, ஆபீஸ் போய் போன் பண்லியா நீ? மன்சன் காலைலருந்து ஒரே எடத்துல குந்திக்கினு கீறாரு. சோறு குடுத்தேன், தொடவே இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக நான் ரிங் கொடுக்க மறந்திருந்தேன்.

அவர் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போன் வலது கையில் இருந்தது. விரல்கள் அதைச் சுற்றி இறுகியிருந்தன. என்னைப் பார்த்ததும் போனை மேசையில் வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டார். எனக்குக் குற்ற உணர்ச்சி, அதனால் நான்தான் சண்டையைத் தொடங்கினேன்.

"மறந்துட்டேன். வேலை தலைக்கு மேல. நீங்க ஒரு போன் பண்ணிருக்கலாம் இல்ல? விரல் தேஞ்சா போயிடும்?"

"பிலோ, நான் பண்ணக் கூடாது."

"ஏன் பண்ணக் கூடாது?"

"மேல கீறவன் அடிக்கக் கூடாது. கீழ போனவன்தான் அடிக்கணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். அத்தனை வருடக் குடித்தனத்தில் வேலையைப் பற்றி அவர் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

"நான் கேஜு எறங்கறத ஒரு நாளும் பாத்ததில்ல. ஷாஃப்ட் குழி ஒரு பக்கம், என் இன்ஜின் ரூம் ஒரு பக்கம். எனக்குத் தெரியறது ஆழம் காட்டற முள்ளு ஒண்ணு, கயிறு சுத்தற டிரம்மு மேல பெயிண்ட் கோடு ஒண்ணு. அத வெச்சி எறக்குவேன். மெதுவா எறக்குறதால தரை தொட்டது எனக்கும் தெரியாது, உள்ள நிக்கிறவனுக்கும் தெரியாது. அப்புறம் எப்பிடித் தெரியும்?"

"எப்பிடி?"

"கீழ பெல்மேன் ஒருத்தன் இருப்பான். கேஜு லெவல்ல நின்னதும் அவன் மணி அடிப்பான். அந்த மணி வர்ற வரைக்கும் என் கை பிரேக் லீவர உடாது. அம்பது பேரு உசுரு அது. மணி வந்தாத்தான் நான் மூச்சே உடுவேன்." மேசையிலிருந்த போனைப் பார்த்தார். "இன்னிக்கு மணி வரல."

நான் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தினமும் காலையில் நான் ரயிலேறியதிலிருந்து படியேறும்வரை இந்த மனிதரின் கை லீவரில் இருந்திருக்கிறது. நான் அதைத் தொல்லை என்று நினைத்திருக்கிறேன். மன்னிச்சிடுங்க என்று சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்து, "சாப்டலாம் வா" என்றார்.

சாப்பிட்ட பிறகு என் போனில் பாலைவனப் பாதையைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். இறக்கை எப்படி விரியும், எந்தப் பக்கம் அழுத்தினால் சாயும் என்று மட்டும் சொன்னேன். மேடு வந்ததும், "இது நம்ம சயனைட் மேடு இல்ல?" என்றார். அவருடைய முகம் மலர்ந்து நான் பார்த்து எத்தனை நாளாகியிருந்தது! ரேம்பில் ஏறிப் பறந்தார். வண்டி மெல்ல இறங்கி, சக்கரம் மண்ணைத் தொட்டு ஓட ஆரம்பித்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, எங்கள் லீட் மாதிரி ஆளைப் பார்த்தேன். அவருடைய கட்டைவிரல் இன்னும் திரையை அழுத்திக்கொண்டே இருந்தது. காற்றில் பிடித்த பிடியை அவர் விடவே இல்லை. பள்ளத்தில் விழுந்த பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"எறங்கிட்டனா?" என்று கேட்டார்.

"எறங்கிட்டீங்க."

"மணி எங்க?"

மணி இல்லை. என் தப்பு அதுதான். அந்த இறக்கத்தில் குறை எதுவும் இல்லை. பஞ்சு மாதிரி இறக்க வேண்டும் என்று குழாயடியில் கற்றுக்கொண்ட நான், அப்படி இறக்கினால் மணி ஒன்று அடிக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளவில்லை. மணியைப் பற்றி யாரும் குழாயடியில் பேச மாட்டார்கள். அது டிரைவருக்கும் பெல்மேனுக்கும் நடுவில் இருந்த விஷயம்.

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் படியேறியதும் பையைக்கூட இறக்காமல் அவருக்கு ஒரு ரிங் கொடுத்தேன். பிறகு சவுண்ட் பார்க்கும் பையனிடம் என் டிபன் பாக்ஸ் மூடியை ஸ்பூனால் தட்டிக் காட்டி, இந்த மாதிரி ஒரே ஒரு சத்தம் வேண்டும் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே அதையே பதிவு செய்தான். நான்கு சக்கரமும் மண்ணைத் தொடும் அந்தக் கணத்தில் ஒரு மணி. அவ்வளவுதான். வேறு எதையும் மாற்றவில்லை. லீட் வந்து கேட்டுவிட்டு, "பாதிப் பேர் சத்தத்தை மூடி வெச்சுத்தானே ஆடுவாங்க?" என்றார். அதுவும் சரிதான். அதே கணத்தில் போன் கையில் ஒரே ஒரு தடவை அதிரும்படி செய்தோம்.

மத்தியானம் அதே எட்டுப் பேர் வந்தார்கள். நான் சுவரோரம் நின்றுகொண்டேன். அந்தக் கல்லூரிப் பெண் முதலில் ஆடினாள். பறந்தாள், இறங்கினாள். மணி அடித்தது. அவளுடைய கட்டைவிரல் எழும்பி மாறி அழுத்தியது, வண்டி வலது பக்கம் வழுக்கிக்கொண்டு திரும்பியது. எட்டுப் பேரில் ஒருவர்தான் விழுந்தார். அவர் எந்தப் பாதையிலும் விழுகிறவர். லீட் என்னிடம் வந்து, "பாலம் வேணாம் மேடம்" என்றார். இதை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார். வீட்டில் என்றேன்.

அந்த ஆட்டத்தைப் பிறகு நிறையப் பேர் ஆடினார்கள். இப்போது அதை எந்த ஆப் ஸ்டோரிலும் இறக்க முடியாது. புதுப் போன்களில் ஓடாது. ஆனால் அந்த மணி, உருவம் மாறி மாறி, நம் ஆபீசின் எல்லாக் கிளைடிலும் இருக்கிறது. நீங்கள் சேர்ந்த முதல் வாரத்தில் அதைக் கேட்டிருப்பீர்கள். டிபன் பாக்ஸ் மூடி என்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் செய்த ஒவ்வொரு பாதையையும் அதன் பிறகு அவர்தான் முதலில் ஆடினார். நன்றாக ஆடினார் என்று சொல்ல மாட்டேன். முந்திப் போக வேண்டும் என்ற எண்ணமே கிடையாது. பறந்து, இறங்கி, மணி கேட்டதும் கட்டைவிரலை எடுத்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். வண்டி அங்கேயே நிற்கும். மற்ற வண்டிகள் எல்லாம் தாண்டிப் போகும். "ஓட்டுங்க" என்பேன். "வுடு, எல்லாம் எறங்கட்டும்" என்பார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு மழைக்காலத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார். பக்கத்திலேயே படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை. காலையில் ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்து, அவருக்குக் காப்பி போட்டு வைத்துவிட்டுத்தான் எழுப்பப் போனேன். வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். நோவு இல்லாம, தெரியாமலே போயிட்டாரு, குடுத்து வெச்ச மனுசன் என்றார்கள். ஃபாதரும் பூசையில் அதையே சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும், இல்லையா? இல்லை. அவ்வளவு மெதுவாக இறங்கினால் மணி வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

அவருடைய நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. ஒரு நாளும் அழுத்தியதில்லை. மேலே இருப்பவள் அடிக்கக் கூடாது. கீழே போனவர்தான் அடிக்க வேண்டும்.

பிள்ளைகளா, நீங்கள் எவ்வளவு உயரமாக வேண்டுமானாலும் பறக்கவிடுங்கள், எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் இறக்குங்கள். தரை தொட்டதும் தெரியப்படுத்துங்கள். எங்கோ யாரோ ஒருவர் கையை எடுக்காமல் உட்கார்ந்திருப்பார். உங்கள் முதல் பாதை வெளியானதும் எனக்கு ஒரு ரிங் கொடுங்கள். எடுக்க மாட்டேன், ஒரு ரிங் போதும். போன் எப்படியும் என் கையில்தான் இருக்கும்.